கொடைக்கானலுக்கு மூன்று நாள் போகிறவர்களுக்கு

கேள்வி இது: "சென்னையிலிருந்து மனைவி, பத்து வயது மகன், அறுபத்தைந்து வயது அம்மாவோடு மே மாதம் மூன்று நாள் கொடைக்கானல் போகலாம் என்றிருக்கிறோம். இயற்கையைப் பார்க்க வேண்டும், ஓய்வும் வேண்டும், பையனுக்காகக் கொஞ்சம் மலையேற்றம் மாதிரி ஏதாவது வேண்டும். போய் வந்தவர்கள் எல்லாரும் டிராபிக்கைத்தான் பார்த்தோம் என்கிறார்கள். போகலாமா, வேறு ஊர் பார்க்கலாமா?"

தாராளமாகப் போகலாம். டிராபிக்கை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில், அதே பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குப் போகிறவர்கள். காலை பத்து மணிக்கு வேன் ஏறுவார்கள். பசுமைப் பள்ளத்தாக்கு, பைன் காடு, குணா குகை, தூண் பாறை என்று ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் நின்று போட்டோ எடுப்பார்கள். மீதி நேரமெல்லாம் வண்டியிலேயே போய்விடும். அந்த வரிசையிலிருந்து விலகினால் மலை இன்னும் மலையாகத்தான் இருக்கிறது. நான் அடிவாரத்து ஊர்க்காரன், சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கும் மலை இது. நீங்கள் கேட்ட மூன்றுமே அங்கே கிடைக்கும். ஆனால் பார்க்கும் இடங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும், காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும்.

முதலில் மாதம். மே மாதத்தில் பிரயண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும், கூட்டமும் உச்சத்தில் இருக்கும். பள்ளி விடுமுறையால் வேறு வழியில்லை என்றால் செவ்வாய் முதல் வியாழன் வரை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ள முடிந்தால் காலாண்டு விடுமுறையின் நடு நாட்கள் நல்லவை. பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு வரும் ஜனவரிக் கடைசியும் அருமை. தென்மேற்குப் பருவமழை மூணாறு பக்கத்தில் கொட்டும்போது கொடைக்கானலில் தூறலும் காற்றும் மேகமுமாகத்தான் இருக்கும், ஏனென்றால் பழனி மலை கிழக்கே நீண்டு மழை மறைவில் கிடக்கிறது. இங்கே பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். அந்த மாதங்களில் மலைச்சாலையில் மண் சரியும், மரம் விழும். அம்மாவையும் பையனையும் வைத்துக்கொண்டு நவம்பரில் போக வேண்டாம்.

மே மாதத்திலும் இரவில் 12, 13 டிகிரி வரை இறங்கும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் கட்டாயம். பிற்பகலில் இடியோடு கோடை மழை வருவது சகஜம். அதனால் வெளியே சுற்றுவதை எல்லாம் காலையிலேயே முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் தங்குமிடத்தில் சாய்ந்திருப்பது போலத் திட்டமிடுங்கள். நீங்கள் கேட்ட ஓய்வு அந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. கட்டணம் கிடையாது. 2025 கோடைக்கு, நாளொன்றுக்கு வேலை நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று கொடைக்கானலுக்கு வரம்பும் வைத்தார்கள். அதனால் தேதி முடிவானதும் முதல் வேலையாகப் பாஸ் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. இன்னொன்று, ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

ரயிலில் வந்தால் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர் மலையேற வேண்டும். பெயரைப் பார்த்து ஸ்டேஷனிலிருந்து ஊர் பக்கம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறும் வழியில் டம் டம் பாறை என்ற இடத்தில் நிறுத்தினால் எதிர்மலையில் வெள்ளை நூலாக ஓர் அருவி தெரியும். அது எலிவால் அருவி என்கிற தலையாறு அருவி. 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது. தண்ணீர் இல்லாத மாதத்தில் வெறும் பாறைக் கோடுதான் தெரியும். மலைப்பாதையில் அம்மாவுக்கோ பையனுக்கோ தலை சுற்றும் என்றால் முன் சீட்டில் உட்கார வையுங்கள், புறப்படும் முன் வயிறு நிறையச் சாப்பிட வைக்காதீர்கள்.

எங்கே தங்குவது என்பதைத்தான் பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை. ஏரிக்கும் பேருந்து நிலையத்துக்கும் பக்கத்தில் அறை எடுத்தால் காலையில் அறையை விட்டு வெளியே வரும்போதே ஹாரன் சத்தத்தில்தான் நிற்பீர்கள். வட்டக்கானல் அழகான இடம், ஆனால் சரிவும் படிக்கட்டும் குறுகலான சாலையும் உள்ள இடம். இருபது வயதுக்காரர்களுக்குச் சரி, உங்கள் அம்மாவுக்குச் சரிப்படாது. வில்பட்டி, பள்ளங்கி, அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் அட்டுவம்பட்டிப் பக்கம் பாருங்கள். ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான், ஆனால் ஜன்னலைத் திறந்தால் தோட்டமும் பள்ளத்தாக்கும் தெரியும். பணம் கட்டும் முன் உரிமம் உள்ள விடுதியா என்று கேட்டுவிடுங்கள். காட்டுக்குள் கூடாரம், இரவு நெருப்பு என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். அனுமதியில்லாத கூடாரங்களை நிர்வாகம் அவ்வப்போது அகற்றிவருகிறது. காட்டு மாடு நடமாடும் இடத்தில் குழந்தையைத் துணிக்கூரைக்குக் கீழே தூங்க வைப்பதும் சரியில்லை.

முதல் நாள் காலை ஏரிக்குப் போங்கள், ஆறு மணிக்கு. மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டி உருவாக்கிய ஏரி அது. சுற்றிவரச் சுமார் ஐந்து கிலோமீட்டர், முழுக்கச் சமதளச் சாலை. அம்மாவால் முடிந்தவரை நடக்கலாம், பையன் வாடகை சைக்கிளில் முன்னே போகட்டும். அந்த நேரத்தில் தண்ணீர் மேல் ஆவி எழும், நாரைகள் கரையில் நிற்கும். ஒன்பது மணிக்கு மேல் இதே சாலையில் குதிரையும் காரும் சோளக்கதிர் வண்டியும் நெருக்கும், அதற்குள் நீங்கள் சுற்றி முடித்திருப்பீர்கள்.

கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர் நடைபாதை, 1872-ல் போடப்பட்டது. தெளிவான நாளில் சமவெளியின் ஊர்கள் தெரியும். எல்லாரும் காலையில் போகச் சொல்வார்கள், நான் மாலை நாலு மணிக்கு மேல் போகச் சொல்வேன். சூரியன் முதுகுப் பக்கம் சாய்ந்திருந்து, கீழே பள்ளத்தாக்கில் மேகம் நிரம்பியிருந்தால், உங்கள் நிழலே மேகத்தின் மேல் பெரிதாக விழும், அதைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். தினமும் நடப்பதில்லை. நடந்தால் உங்கள் பையன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

இப்போது காட்டைப் பற்றி. இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கொடைக்கானலில் 'காடு' என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி நட்டு வளர்த்த தோட்டம். எல்லாரும் போட்டோ எடுக்கும் பைன் காடு 1906 வாக்கில் நட ஆரம்பித்தது. தைல மரமும் அப்படித்தான், வெளியிலிருந்து கொண்டுவந்தது. வாட்டில் மரத்தைத் தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்தார்கள், அது இப்போது தானாகவே பரவி மலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பைன் மரங்களுக்கு நடுவில் நின்று ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். பறவைச் சத்தம் மிகக் குறைவாக இருக்கும். தரையில் ஊசி இலைக் குப்பையைத் தவிர அதிகம் எதுவும் முளைத்திருக்காது.

இந்த மலையின் சொந்த நிலம் சோலையும் புல்வெளியும். மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, நெருக்கமான சோலை மரங்கள். மேலே சரிவுகளிலெல்லாம் புல். பனிக்காலத்தில் திறந்த புல்வெளியில் உறைபனி விழுந்து மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவது, சோலை மேலே பரவாமல் பள்ளத்திலேயே நிற்பதற்கு ஒரு காரணம். புல்லின் வேரும் சோலையின் மக்கிய மண்ணும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து மாதக்கணக்கில் கசியவிடும். வைகையில் சேரும் வராக நதியும் மஞ்சளாறும், வடக்கே பழனிப் பக்கம் இறங்கும் குதிரையாறும் பாலாறு பொருந்தலாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. மலையேறி வரும் நம்மில் பலர் இந்தத் தண்ணீரைக் கீழே குடித்து வளர்ந்தவர்கள். அந்தப் புல்வெளியில் பெரும்பகுதி இன்று வாட்டிலுக்கும் பைனுக்கும் அடியில் போய்விட்டது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. பையனுக்கு இந்த இரண்டு காட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிட்டால் அவன் மற்ற எல்லா மலையையும் வேறு கண்ணோடு பார்ப்பான்.

சோலையை எங்கே பார்ப்பது? எளிதானது வட்டக்கானல் பக்கம். சாலையோரமாகவே சோலை தொடங்குகிறது. காலை ஆறரைக்குப் போய் மெதுவாக நடந்தால் கருமந்தியின் குரல் கேட்கும், மலை அணில் கிளை தாவும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்மலைகளில் மட்டும் வாழும் சிரிப்பான் குருவி ஒன்று புதரோரம் கூட்டமாகக் கத்திக்கொண்டிருக்கும். அதன் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரியின் பெயர் இருக்கிறது. மழைக்காலம் என்றால் அட்டை கடிக்கும், கொஞ்சம் உப்பு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கான மலையேற்றமும் அங்கேயே இருக்கிறது. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதை அதிக தூரமில்லை, ஆனால் மரவேர்களும் கல்லும் நிறைந்த செங்குத்தான இறக்கம். இறங்குவது எளிது, திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். பத்து வயதுப் பையன் நன்றாகச் செய்வான். அம்மா மேலே டீக்கடையில் இருக்கட்டும். பாறை விளிம்புக்குப் போக விடாதீர்கள், கைப்பிடி கிடையாது, மழை பெய்திருந்தால் வழுக்கும். அதே பாதை இன்னும் கீழே வெள்ளகவிக்குப் போகிறது. நெடுங்காலம் வண்டிச் சாலையே இல்லாமல், பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே நடைபாதையை மட்டும் நம்பி வாழ்ந்த பழைய கிராமம் அது. ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். அங்கே போக வேண்டும் என்றால் வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும், அது இந்தப் பயணத்துக்கு இல்லை. மகன் பெரியவனானதும் போகலாம்.

அனுமதி விஷயத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச்சில் இதே மலைத்தொடரின் மறுபக்கம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும் காலம். அப்போது வனத்துறை பாதைகளை மூடினால் அதை மீறி அழைத்துப்போகிறேன் என்று சொல்கிறவரோடு போகாதீர்கள். முறையான மலையேற்றம் வேண்டுமென்றால் வனத்துறையே 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் எந்தப் பாதை எப்போது திறந்திருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். குணா குகையின் பிளவுகளில் விழுந்து பல உயிர்கள் போயிருக்கின்றன, வேலிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம், வட்டக்கானல் பக்கம் யாராவது இளைஞர்களிடம் போதைக் காளான் விற்க வந்தால் நிற்காமல் நடந்துவிட வேண்டும். சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

இரண்டாம் நாளைப் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் பாதியாகக் குறையும் திசை அது, ஏழு மணிக்குக் கிளம்பினால் இன்னும் குறையும். சுமார் 18 கிலோமீட்டரில் பூம்பாறை. சாலை வளைவிலிருந்து பார்த்தால் கீழே ஓட்டுவீடுகளும் படிப்படியான வயல்களும் தெரியும். பூண்டு, கேரட், பீன்ஸ், உருளை என்று மாதத்துக்கு மாதம் நிறம் மாறும் வயல்கள். ஊருக்குள் இறங்கிக் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போய் வாருங்கள். மூலவர் சிலை போகர் என்ற சித்தர் செய்தது என்பது ஊர் நம்பிக்கை, அம்மாவுக்குப் பிடிக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சமவெளிப் பூண்டைவிடக் காரமும் மணமும் கூடுதல். விளைவித்தவர்களிடமே பேசி இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மன்னவனூர். பரந்த புல்வெளி, ஏரி, பரிசல் சவாரி, மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணை. பையன் ஓடித் திரியச் சமமான பசும்புல் இங்கேதான் கிடைக்கும். பூம்பாறைக்கு மேல் செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும், பெட்ரோலும் பணமும் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

பேரிஜம் ஏரிக்கு ஆசை இருந்தால் மூன்றாம் நாள் முயலலாம். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், காட்டுக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுவார்கள். யானை நடமாட்டம் இருந்தால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். பெரியகுளத்துக்குக் குடிநீர் போகும் ஏரி என்பதால் குளிக்கவோ குப்பை போடவோ கூடாது. சீட்டு கிடைக்கவில்லை என்றால் அதற்காக அரை நாளைக் காத்திருந்து வீணாக்க வேண்டாம், சூரிய ஆய்வகத்துக்குப் போங்கள்.

இந்த ஆய்வகத்தை வேன்காரர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை, எனக்கு இது கொடைக்கானலின் பெருமைகளில் முதன்மையானது. சென்னையிலிருந்த வானியல் ஆய்வை மேகமும் தூசும் குறைந்த உயரமான இடத்துக்கு மாற்ற முடிவு செய்து 1899-ல் இங்கே நிறுவினார்கள். அதற்கு முன் வந்த பெரும் பஞ்சமும், மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் அந்த முடிவின் பின்னணியில் இருந்தன. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார், உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். நூறு ஆண்டுகளுக்கும் மேலான சூரியப் படங்கள் இங்கே சேர்ந்திருக்கின்றன. பார்வை நேரம் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் அம்மாவை அழைத்துப் போங்கள், வண்டி வாசல் வரை போகும். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, மேலைநாட்டில் பிறந்து சைவத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார், 1936-ல் எழுப்பிய கோயில். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து பழனி தெரியும். குறிஞ்சிப் பூவைக் கேட்பீர்கள்: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அந்த வகை 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல்.

காட்டு மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்குள்ளேயே, ஏரிச்சாலையில்கூட வரும். அமைதியாக மேய்வதைப் பார்த்துவிட்டு செல்பி எடுக்கப் பக்கத்தில் போகிறார்கள். ஒரு டன் எடை வரை வளரும் விலங்கு, முட்டினால் பிழைப்பது கஷ்டம். நடந்து போகும்போது எதிரே வந்தால் சத்தம் போடாமல் பின்வாங்கி வழி விடுங்கள். இரவில் விடுதிக்கு வெளியே தனியாக நடக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஊரில் குறையில்லை. திபெத்தியர் கடைகளில் மோமோவும் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும் சூடாகக் கிடைக்கும், குளிருக்கு நன்றாக இருக்கும். மே மாதம் பிளம்ஸ் வரத்து உண்டு, பட்டர் ப்ரூட்டும் மலை வாழையும் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை தங்கியிருந்தால் சந்தைக்குப் போங்கள், மேல்மலைக் கிராமத்துக் காய்கறி அங்கே வரும். 'ஹோம் மேட்' சாக்லேட்டில் மட்டும் கவனம். கோகோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த கட்டியை உருக்கி வார்ப்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளடக்கம் அச்சிட்ட பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள்.

இறங்கும்போது வந்த வழியே நேராக வத்தலக்குண்டு போகாதீர்கள். பெருமாள்மலை தாண்டிக் கொஞ்சம் இறங்கியதும் ஊத்து என்ற இடத்தில் பிரியும் சாலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக இறங்குங்கள். சாலை குறுகல், ஆனால் நெரிசல் இல்லை. இருபுறமும் மர நிழலில் காப்பி, மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, வாழை. குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவது உடம்புக்கே தெரியும். தாண்டிக்குடிப் பக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை சொல்லப்படும் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச் சின்னங்கள், உண்டு, ஊரில் கேட்டால் வழி காட்டுவார்கள். மதியத்துக்குள் கிளம்பினால் வெளிச்சத்திலேயே பட்டிவீரன்பட்டி வந்துவிடலாம். பரம்பரையாகக் காப்பி வியாபாரம் நடக்கும் ஊர், வீட்டுக்கு வேண்டிய கொட்டையை அங்கேயே வறுத்து அரைத்து வாங்கிக்கொள்ளலாம். ஓட்டுநரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வரட்டும், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஏறி வரும் வண்டிக்கு முதலில் வழி விடட்டும்.